படலைக்கு வெளியே

ஆறுதல் இல்லம்,
உவர்மலை, திருகோணமலை.
12.03.1977

அன்புள்ள தம்பி தவராசா,

நீயும் புஸ்பராணியும் பிள்ளை சிவமலரும் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டுமென்று கோணேசரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் சுகத்துக்கும் குறைவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து என்னை நேரே இந்த முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கிணற்றடியில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்ட ஒருத்தி தனி வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது? எலும்புக்குள் ஆணி வைத்திருக்கிறார்கள். நடக்கப் பழகும்வரை இங்கேதான். மலைச்சரிவில் ஒரு பழைய பங்களா. விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தால் உட்துறைமுகம் முழுவதும் தெரிகிறது.

பக்கத்துக் கட்டிலில் கனகம்மா என்று ஒரு மனுசி. நல்ல பகிடிக்காரி. ஆண்கள் பக்கத்தில் மஹ்ரூப் நானா இருக்கிறார். மூதூருக்கு லோஞ்சுப் படகு ஓட்டியவர். பாரிசவாதம் வந்து இடது கை விளங்காது. நான் தாதியாக இருந்தவள் என்று அறிந்ததில் இருந்து "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுகிறார். கிண்ணியாவில் இருந்து சித்தி பரீதா என்றொரு பிள்ளை வருகிறாள். கொழும்பில் உடற்பயிற்சிச் சிகிச்சை படித்தவள். விறாந்தையில் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு எங்களை நடக்கப் பழக்குகிறாள். நேற்று மஹ்ரூப் நானா சொன்னார்: "மிஸ்ஸி, நீங்க விழுந்தா நான் பிடிக்கமாட்டன், எனக்கு ஒரு கைதான். அதால விழாதீங்க."

நான் நன்றாகவே நடக்கிறேன். சீமெந்து நிலத்தை மினுக்கி வைத்திருக்கிறார்கள். கழுவிய பிறகு கொஞ்சம் வழுக்கும், அவ்வளவுதான். என்னைப் பற்றி யோசிக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா கமலாதேவி

*

குருநாகல்.
30.03.1977

பேரன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கண்டு மூவரும் துள்ளினோம். நாங்கள் சுகம். உங்கள் கால் முந்தியதை விடப் பலமாக வரவேண்டும்.

நீங்கள் நடக்கிறீர்கள் என்று வாசித்ததும் புஸ்பம் பால் காய்ச்சிப் படைத்தாள். நான் கந்தோரில் எல்லோருக்கும் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும்தானே. பக்கத்து வீட்டு சோமாவதி அக்காவுக்குச் சிங்களத்தில் உங்கள் கடிதம் முழுவதையும் மொழிபெயர்த்தேன். ஒரு கை மட்டும் உள்ள லோஞ்சுக்காரரின் பகிடிக்கு அவ கண்ணீர் வரச் சிரித்தா. வாசலில் அந்தூரியம் பூத்திருக்கிறது. ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும்போது ஒரு கன்று கொண்டுவருவேன்.

பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். புஸ்பமும் பிள்ளையும் அன்பு கூறுகிறார்கள்.

உங்கள் தம்பி,
தவராசா

*

உவர்மலை.
08.05.1977

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? நான் சுகம்.

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. கனகம்மா போய்விட்டா. குளிக்கும் அறைக்குப் போகும் வழியில், என் கண்ணுக்கு முன்னால் விழுந்தா. பெரிய விழுகை என்று சொல்ல ஏலாது. உட்காரப் போனவ கதிரையைத் தவறவிட்டது போல. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, சிரியாதேங்கோ" என்றா. இடுப்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது எனக்குக் கை காட்டினா. முதலில் எலும்பு, பிறகு படுக்கை, பிறகு நெஞ்சில் சளி. எத்தனை பேரை ஆஸ்பத்திரி வாட்டில் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டமும் எனக்குத் தெரியும். அதனால் ஆஸ்பத்திரியில் இருந்து செய்தி வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. விரிப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

மற்றும்படி ஒரு குறையும் இல்லை. கட்டிலில் இருந்தபடியே சன்னலால் கடல் தெரிகிறது. வாசிக்க நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. உன் உடம்பைக் கவனி. பிள்ளைக்கு என் முத்தங்கள்.

அக்கா

*

குருநாகல்.
02.07.1977

அன்புள்ள அக்கா,

உங்கள் சுகம் எப்படி? நாங்கள் இருக்கிறோம்.

கனகம்மா அம்மாவின் செய்தி மனதை வருத்தியது. ஆனால் அக்கா, முந்தி விறாந்தையில் இருந்து கடலைப் பார்த்தீர்கள், இப்போது கட்டிலில் இருந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏன்?

வேறொன்று. பதிவுத் தபாலில் ஒரு பொதி அனுப்பியிருக்கிறேன். சிவமலரின் சோதனைச் சான்றிதழ்களும் இன்னும் சில பொருள்களும். உங்கள் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். காரணம் எதுவும் இல்லை. இங்கே கறையான் அதிகம். தேர்தல் காலம் என்பதால் ஊரில் சத்தமும் கொஞ்சம் கூடத்தான். வாசலில் இருந்த பெயர்ப்பலகைக்கு வர்ணம் பூசக் கழற்றியிருக்கிறேன்.

கவனமாக இருங்கள். ஓகஸ்டில் வரமுடியுமோ தெரியவில்லை, பார்ப்போம்.

தம்பி

*

உவர்மலை.
25.07.1977

அன்புள்ள தம்பி,

உங்கள் மூவருடைய சுகத்தையும் உடனே அறிய விரும்புகிறேன். இம்முறை அதை ஒப்புக்காகக் கேட்கவில்லை.

பொதி வந்தது. சான்றிதழ்களுக்குக் கறையான் பயம் என்றால் விளங்குகிறது. உங்கள் கல்யாணப் படத்தை ஏன் அனுப்பினாய்? கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, படத்தை மட்டும் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறாய். சுவரில் தொங்கிய படத்துக்குக் கறையான் வருமா? பெயர்ப்பலகை காய இத்தனை நாள் செல்லுமா?

தேர்தல் முடிந்துவிட்டது என்று வானொலியில் கேட்டேன். சத்தமும் முடிந்துவிட்டதா? லீவு போட்டுவிட்டு வா. என் வீடு பூட்டிக் கிடக்கிறது, திறப்பு இங்கேதான் இருக்கிறது. மூன்று பேரும் வாருங்கள். கேள்வி கேட்காமல் வாருங்கள்.

என் காலைப் பற்றிக் கேட்டாய். கால் இருக்கிறது.

கடவுள் துணை.
அக்கா

*

குருநாகல்.
10.08.1977

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். இங்கே எல்லாம் அமைதி.

நீங்கள் வீணாகப் பயப்படுகிறீர்கள். கந்தோரில் வேலை அதிகம், இப்போது லீவு கேட்க முடியாது. மாத முடிவில் பார்க்கலாம். புஸ்பமும் அப்படித்தான் சொல்கிறாள்.

இனி எழுதும்போது உறையின் மேல் முகவரியை ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் வேண்டாம். தபால்காரர் புதியவர், வாசிக்கக் கஷ்டப்படுகிறார்.

தயவுசெய்து நடவுங்கள் அக்கா. ஆருக்காவது ஓட வேண்டி வந்தால் ஓடத் தெரிய வேண்டாமா? பகிடிக்குத்தான் சொல்கிறேன்.

தம்பி

*

உவர்மலை.
29.08.1977

என் தம்பி,

எங்கே இருந்தாலும் உயிரோடு இரு. வேறு சுகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கடிதம் உன்னிடம் வருமா என்று தெரியாது. தெற்கே போகும் தபால் பைகள் கட்டியபடியே கிடப்பதாகச் சொல்கிறார்கள். ரயில் ஓடவில்லை. ஊரடங்கு. உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். கையைச் சும்மா வைத்திருக்க ஏலாது.

நாங்கள் எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்து வானொலி கேட்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஓர் ஊரில் பிள்ளையோ பேரனோ. முந்தாநாள் குருநாகல் என்ற பெயர் வந்தது. மஹ்ரூப் நானா கதிரையை இழுத்துக்கொண்டுபோய் வானொலியை நிறுத்திவிட்டார். ஒருவரும் அவரை ஏசவில்லை.

தெற்கில் அடித்துத் துரத்தப்பட்ட தமிழ்ச் சனம் லொறிகளில் வருகிறது. எங்கள் பிரார்த்தனை மண்டபத்தை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இல்லத்துக் கிழடுகள் எல்லாம் தங்கள் பாய்களையும் போர்வைகளையும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். இத்தனை நாள் கஞ்சியை ஆற்றி ஊட்டச் சொன்ன மனுசிகள் இப்போது குசினியில் இருந்து வெங்காயம் உரிக்கிறார்கள்.

என்னை இரண்டு பேர் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் மண்டபத்தில் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டேன். "குருநாகலில் தவராசா கிளாக்கரைத் தெரியுமோ? சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிற ஆள்." ஒருவர் தெரியும் என்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அது வேற ஆளா இருக்கும், அம்மா" என்றார். அந்த மனுசன் ஏன் நிலத்தைப் பார்த்தான்?

தம்பி, நான் நடக்கவில்லை. கனகம்மா போன பிறகு ஓரடியும் வைக்கவில்லை. பரீதா வந்தால் இடுப்பு நோகிறது என்று சொல்லிவிடுவேன். நோகவில்லை. நிலத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வாசல் படலைக்குப் போய் லொறிகளைப் பார்க்கக்கூட ஆள் தூக்கவேண்டியிருக்கிறது.

ஒரு வரி எழுது. உன் பெயரை மட்டும் எழுதி அனுப்பு.

அக்கா

*

தம்பலகாமம்.
10.09.1977

அன்புள்ள மச்சாளுக்கு,

புஸ்பராணி எழுதிக்கொள்வது. உங்கள் உடம்பு எப்படி?

நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். பள்ளிக்கூட முகாமில் இருந்து வவுனியாவுக்கும், அங்கிருந்து என் அண்ணர் தம்பிராசாவின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தோம். வீடு இல்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். சிவமலருக்குக் காய்ச்சல், அதனால் வந்து பார்க்க முடியவில்லை. உங்கள் தம்பிக்குக் காலில் சிறிய காயம். உங்களுக்கு அன்பு சொல்லச் சொன்னார். இப்போது நித்திரை.

புஸ்பராணி

*

உவர்மலை.
13.09.1977

அன்புள்ள புஸ்பம்,

உமக்கும் பிள்ளைக்கும் சுகம் வரட்டும். கடிதத்தை நெஞ்சில் வைத்து அழுதேன். அழுது முடிந்ததும் திரும்ப வாசித்தேன்.

அவன் ஏன் எழுதவில்லை? காயம் காலில் என்கிறீர். கையில் இல்லையே. அன்பு சொல்லச் சொன்னான் என்று எழுதியிருக்கிறீர். தவராசா ஒற்றை வரியில் அன்பு சொல்லுகிறவனா? சின்ன வயதில் அவன் வாய் மூடியிருந்தால் அம்மா நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலோ என்று பார்ப்பா.

வாட்டில் சொந்தக்காரர் வந்து கேட்கும்போது "இப்ப நித்திரை" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் புஸ்பம். உள்ளதை எழுதும். எதுவாக இருந்தாலும்.

கமலாதேவி

*

தம்பலகாமம்.
17.09.1977

அன்புள்ள மச்சாள்,

நீங்கள் திடமாக இருக்கவேண்டும். அவர் உயிரோடுதான் இருக்கிறார், இதை முதலில் நம்புங்கள்.

கலவரம் தொடங்கிய அன்று பின்னேரம் சோமாவதி அக்கா ஓடிவந்து என்னையும் பிள்ளையையும் தன் தேங்காய் போடும் மடுவத்துக்குள் விட்டுப் பூட்டினா. "மூச்சு விடாதீங்க" என்றா. வந்தவர்களிடம், இங்கே ஒருத்தரும் இல்லை, தேடுவதென்றால் என்னை வெட்டிப்போட்டுவிட்டுத் தேடுங்கள் என்று சத்தம் போட்டா. எங்கள் வீடு எரிகிற மணம் தேங்காய் மட்டைக்குள் இருந்த எங்களுக்கு வந்தது.

இவர் கந்தோரில் இருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். வழியில் பஸ்ஸை மறித்து, ஆட்களைக் கதைக்கச் சொல்லிப் பார்த்துத் தமிழரை இறக்கியிருக்கிறார்கள். இவர் பின்பக்கத்தால் குதித்து ஓடி, றோட்டுக்குக் கீழே இருந்த மதகுக்குள் விழுந்து ஒளித்துக்கொண்டார். குதித்ததில் கணுக்கால் முறிந்துவிட்டது. அடுத்த நாள் ஆமிக்காரர் வந்து முகாமுக்குக் கொண்டுபோகும்வரை அங்கேதான் கிடந்தார். தலைக்கு மேலே ஆட்கள் நடந்துகொண்டே இருந்தார்களாம்.

ஒரு குரல் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாம். "தவராசா ஐயா, வெளியால வாங்க. ஒண்டும் செய்யமாட்டம்." தெரிந்த குரல். யாரென்று நினைவு வரவில்லை. காப்பாற்றக் கூப்பிட்டானா, பிடித்துக் கொடுக்கக் கூப்பிட்டானா என்றும் தெரியாது. பதில் சொல்லிவிடுவேனோ என்று பயந்து கைமுட்டியை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு இருந்தாராம். முகாமில் என்னைக் கண்டதும் இவ்வளவையும் காதுக்குள் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. என்னோடும் இல்லை, பிள்ளையோடும் இல்லை.

அண்ணரின் வீடு கண்டி றோட்டுக் கரையில். ஒவ்வொரு வாகனத்துக்கும் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறார். சனம் பார்க்க வருகிறது, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. கூப்பிட்டால் உடம்பு நடுங்குகிறது. கணுக்கால் கோணலாகப் பொருந்தியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்கும் வருகிறாரில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை மச்சாள். உங்களிடம் அனுப்பட்டா?

புஸ்பராணி

*

உவர்மலை.
10.11.1977

அன்புள்ள புஸ்பம்,

நீரும் சிவமலரும் சுகமா? பிள்ளையின் காய்ச்சல் முற்றாக விட்டதா? நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

இதுவரை நான் அனுப்பிய துண்டுகளில் "சாப்பிடுகிறான், படுக்கிறான்" என்று மட்டும் எழுதினேன். மிச்சத்தை எழுதப் பயமாக இருந்தது. இன்று எழுதுகிறேன்.

உமது அண்ணர் தவராசாவை இங்கே இறக்கிவிட்டுப் போனதும், அவன் ஆண்கள் பக்கத்தில் பெரிய அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய்க் குந்திக்கொண்டான். கூப்பிட்டும் வரவில்லை. சாப்பாடு வைத்தால் எடுக்கவில்லை. பரீதா குனிந்து கதைத்துப் பார்த்தாள். மஹ்ரூப் நானா தன் கடல் கதைகளைச் சொல்லிப் பார்த்தார். என்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள். நான் மேலே, அவன் கீழே. அவன் கண் என் முகத்துக்கு வரவேயில்லை, கதிரையின் கால்களைத்தான் பார்த்தது. மதகுக்குள் இருந்து பார்த்தவன் கால்களைத்தானே கண்டிருப்பான் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

புஸ்பம், எனக்கு அந்த நிலத்தை விடப் பயமான இடம் உலகத்தில் இல்லை. இருந்தாலும் இறங்கினேன். நானாக இறங்கி இருந்ததாகத்தான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் பாதியில் கை வழுக்கி விழுந்துவிட்டேன். எலும்பு போய்விட்டது, கனகம்மா போன வழிதான் எனக்கும் என்று நினைத்தேன். அப்படியே அவனுக்குப் பக்கத்தில் கிடந்தேன். மஹ்ரூப் நானா தட்டுத்தடுமாறி வந்தார், ஒரு கையால் என்னைத் தூக்க ஏலவில்லை. "மிஸ்ஸி, நான் அண்டைக்கே சொன்னனான்தானே" என்று அழுகிற குரலில் சொன்னார்.

பிறகு என் கமுக்கட்டுக்குள் இரண்டு கைகள் வந்தன. உமது மனுசனின் கைகள். என்னை மெதுவாகத் தூக்கிச் சுவரில் சாய்த்து இருத்தினான். "மெல்ல, அக்கா" என்றான். அன்று முழுவதும் அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. எனக்கு எலும்பும் முறியவில்லை.

இப்போது பரீதா எங்கள் இருவரையும் ஒரே மூங்கிலுக்குள் விட்டு நடக்கப் பழக்குகிறாள். நான் ஒரு முனையில், அவன் மறு முனையில். கணுக்கால் முற்றாக நேராகாது, ஆனால் பாரம் தாங்கும் என்கிறாள். மண்டபத்தில் இருந்த சனம் ஊர் ஊராகப் போய்விட்டது. அறுபது ஆகாதவனை இல்லத்தில் வைக்கலாமா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. காலையில் குசினிக்குப் போய்த் தேங்காய் துருவிக் கொடுக்கிறான். மஹ்ரூப் நானாவுக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிவிடுகிறான். அவர் இவனைப் பெயர் சொல்லாமல் "தம்பியார்" என்கிறார், எல்லோரும் அப்படியே. சில சொற்கள் வருகின்றன. உம்மைக் கேட்டான். பிள்ளையைக் கேட்டான். ஒருநாள் மஹ்ரூப் நானாவின் பகிடிக்கு மூக்கால் சிரித்தான்.

பொய் சொல்ல விரும்பவில்லை. போன கிழமை துறைமுகத்தில் சங்கு ஊதியபோது நெடுஞ்சாண்கிடையாக விழுந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டான். அன்று திரும்ப அலுமாரிக்குப் பின்னால் போனான். அடுத்த நாளும் அங்கேதான். எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு தானாக எழுந்து வந்து மூங்கிலைப் பிடித்தான்.

படலைக்கு வெளியே அவன் இன்னும் போனதில்லை. சரிவில் இறங்கினால் பஸ் நிற்கும் இடம், அதற்குப் பக்கத்தில் தபால் பெட்டி. போகும் வழியில் ஒரு மதகு இருக்கிறது. சின்ன மதகுதான், பிள்ளைகள் தாண்டி விளையாடுவார்கள். அவன் படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே நிற்பான். இன்று காலை என்னிடம் கேட்டான்: "அக்கா, புஸ்பத்துக்கு எழுதுறியளோ?" ஓம் என்றேன். "எழுதித் தாங்கோ. நாளைக்கு நான் போடுறன்."

வேறு ஒருவர் கையிலும் இதைக் கொடுக்கமாட்டேன். அவனோடு படலை வரை நடந்துபோய் நிற்பேன். அதற்கு அப்பால் என்னால் ஏலாது, சரிவு வழுக்கும். அவன் தனியாகத்தான் போகவேண்டும். போகாமல் திரும்பினால் கடிதம் என்னிடமே இருக்கும், நீர் ஒன்றும் அறியமாட்டீர். உமக்கு அது நல்லது. பாதி வழியில் யாராவது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இது உமது கைக்கு வந்து நீர் வாசித்துக்கொண்டிருந்தால், அவன் போயிருக்கிறான் என்று அர்த்தம்.

அன்புடன்,
மச்சாள் கமலாதேவி

*

தம்பலகாமம்.
15.11.1977

அன்புள்ள மச்சாள்,

கடிதம் கிடைத்தது.

வாசித்து முடித்துவிட்டு உறையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு மூலை கசங்கி, வியர்வை பட்டு மை கரைந்திருக்கிறது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். சிவமலர் அந்த மூலையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள். நாங்களும் சுகம். பிள்ளையின் காய்ச்சல் எப்போதோ மாறிவிட்டது. வராமல் இருந்ததற்குக் காரணம் காய்ச்சல் இல்லை மச்சாள். பஸ்ஸின் படியில் கால் வைக்க எனக்கு ஏலவில்லை. இரண்டு தரம் றோட்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பிள்ளையோடு வருகிறேன். பஸ் நிற்கும் இடம் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் என்று எழுதியிருந்தீர்கள். அவரை அங்கே வந்து நிற்கச் சொல்லுங்கள். அவர் அங்கே நிற்பார் என்று நினைத்துக்கொண்டால் நான் ஏறிவிடுவேன்.

உங்கள்,
புஸ்பராணி